கடையில் ஓடும், வீட்டில் ட்ரிப் ஆகும்: உப்புவெளியில் ஒரு பழைய சிங்கர்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டில் பழைய சிங்கர் மின் தையல் மெசின் ஒன்று இருக்கிறது, மரக் கபினட்டுக்குள் மடக்கி வைக்கிற வகை. முறைப்பாடு ஒரே வரிதான்: பிளக்கைக் குத்தினால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் நின்றுவிடுகிறது. நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன், தையல் மெசின் என் துறை இல்லை, அதனால் என்னைக் கூப்பிட்டது மெசினுக்காக இல்லை, ட்ரிப் சுவிட்ச்சை மாற்றத்தான். ஆனால் ரீச்சரிடம் நாலு கேள்வி கேட்டதும் அந்த ஒரு வரிக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல சங்கதி கிடப்பது தெரிந்தது.

முதலாவது, தலையை, அதாவது தைக்கிற இரும்புப் பகுதியை, மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் மெசின் நன்றாக ஓடுகிறது. இரண்டாவது, சுவரில் உள்ள சுவிட்ச்சைப் போடாமல் வெறுமனே பிளக்கைக் குத்தினாலே சில வேளை ட்ரிப் ஆகிறது. மூன்றாவது, பகலில் அரை மணித்தியாலம் ஒழுங்காகத் தைக்கலாம், ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கினால் அந்த நொடியே போய்விடும், பொழுதுபட்டால் சொல்லவே வேண்டாம். நாலாவது, கச்சான் காற்று வீசுகிற வறண்ட மாதங்களில் இந்தப் பிரச்சினையே இல்லை, வாடை தொடங்கி மழை பிடித்தால் மெசினைத் தொட முடியாது. ரீச்சர் சொன்னது: "கடையில ஓடுது, வீட்டுக்குக் கொண்டந்தா நிக்குது. என்ன தம்பி, மெசினுக்கு என்னைப் பிடிக்கல்லையோ?"

அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் ஒன்று இருந்தது. 2004 டிசெம்பர் 26-ந் தேதி கடல் வளவுக்குள் வந்தபோது கபினட்டின் கால்களும் கீழ்த்தட்டும் உப்புத்தண்ணீரில் நின்றன. உப்பு ஊறிய மரம் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கிறது, அந்த ஈரத்தால் கரண்ட் ஒழுகுகிறது என்பது கதை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பருவத்தோடும் பொருந்துகிறது. ஆனால் சுவிட்ச் போடாமல் ட்ரிப் ஆவதற்கும் ஃபிரிட்ஜுக்கும் அந்தக் கதையில் இடமில்லை. ஒரு விளக்கம் நாலில் பாதிக்கு மட்டும் பொருந்தினால் அதை நம்பி மெசினைப் பிரிக்கக் கூடாது என்பது என் கொள்கை.

மெசினைப் பற்றி

மொடல் 201கே. கடைசியில் உள்ள அந்த கே ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த கில்போவி ஆலையின் அடையாளம். முத்திரைத் தகட்டில் 1851 – 1951 என்று நிறுவனத்தின் நூற்றாண்டு பொறித்திருக்கிறது, ஆக வயதைப் பற்றி வாக்குவாதம் தேவையில்லை. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டது, ஆனால் பக்கத்தில் இருந்த ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். இலங்கையில் சிங்கர் 1877-இலிருந்து இருக்கிறது. இன்றைக்கு ஃபிரிட்ஜும் டி.வி.யும் விற்கிற பெயர், அந்தக் காலத்தில் மெசின் என்றாலே அதுதான். ரீச்சரின் தாயார் இதைத் தவணைக்கு வாங்கி, ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை முழுவதையும் இதிலேயே தைத்திருக்கிறார். தொண்ணூறில் குடும்பம் இடம்பெயர்ந்தபோது மெசின் உறவுக்காரர் வீட்டில் நின்றது, திரும்பி வந்து எடுத்தார்கள்.

201-ஐத் தையல்காரர்கள் தலையில் தூக்கி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே பல்சக்கரம் எல்லாமே உலோகம், பிளாஸ்டிக் என்பதே இல்லை. கீழே நூலைப் பிடிக்கிற ஹூக் முன்னும் பின்னும் ஆடாமல் ஒரே திசையில் சுற்றுகிறது, ஒரு தையலுக்கு இரண்டு சுற்று. அதனால்தான் அப்படி ஓசையில்லாமல் ஓடும். இந்த வீட்டு மெசினில் மோட்டர் பின்பக்கம் வெளியே போல்ட் போட்டு நிற்கிறது, பெல்ட்டால் கைச்சக்கரத்தைச் சுற்றுகிறது. 201-இன் இன்னொரு வகையில் மோட்டரே உடம்போடு சேர்ந்திருக்கும், பெல்ட் கிடையாது. மோட்டர் ஏசி, டிசி இரண்டிலும் ஓடக்கூடிய காபன் பிரஷ் மோட்டர். அந்நாளில் பிரிட்டனிலேயே சில ஊர்களில் டிசி கரண்ட் இருந்தது, ஆகவே இரண்டுக்கும் பொதுவாகச் செய்தார்கள்.

இந்தக் கதைக்கு முக்கியமானது கபினட். மூடிவைத்தால் ஒரு சின்ன மேசை. மூடியை விரித்துத் தலையைத் தூக்கினால், பின்பக்கம் இரண்டு கீல் முளைகளில் சுழன்று மேலே வந்து, வெட்டிய துவாரத்தின் விளிம்பில் உட்காரும். வலது பக்கம் உள்ளே வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மரத்தில் திருகப்பட்டிருக்கிறது, அதை முழங்காலால் தள்ளுகிற லீவர் முன்னால் தொங்குகிறது. சுவரிலிருந்து வரும் வயர் முதலில் கபினட்டுக்குள் போய், பெட்டியைத் தொட்டு, அங்கிருந்து இன்னொரு வயராக மேலே ஏறி மூன்று ஓட்டைப் பிளக் ஒன்றால் தலையில் மாட்டும். அந்தப் பிளக்கை இழுத்துவிட்டுக் கீல் திருகைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். அதாவது திருத்தக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் தலை மட்டும்தான் போயிருக்கிறது. கபினட்டும் அதற்குள் இருந்த வயரும் ஒரு நாளும் வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

முன்னால் கைவைத்தவர்கள்

பழைய நாளில் இந்த மெசின் கடித்துக்கொண்டுதான் இருந்தது. ரீச்சரின் தாயார் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தைப்பாராம், காலைச் சீமெந்துத் தரையில் வைத்துத் தலையைத் தொட்டால் விரலில் சுரீர் என்று ஒரு குத்து. அப்போது இரண்டு வயர்தான், ஒழுகுகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் வயர் கிடையாது.

பிறகு ஒருவர் வீட்டுக்கே வந்து, மூன்று வயர் உள்ள புதுக் கோட் (பிளக்கிலிருந்து வரும் கேபிள்) போட்டு, தலையின் அடித்தட்டில் எர்த் வயரைத் திருகிவிட்டார். கடி நின்றது. ஆனால் வீட்டுக்கு வயரிங் புதுப்பித்து ட்ரிப் சுவிட்ச் போட்ட பிறகு, வரிசையாகக் கரண்ட் விழத் தொடங்கியது. பழி முழுக்க அந்த மனிதர் மேல். "அவர் கைவைச்ச பிறகுதான் பழுதாப் போச்சு" என்று வீட்டில் எல்லாருக்கும் முடிவு. நான் பார்த்தவரையில் அந்த மெசினுக்கு நடந்த ஒரேயொரு நல்ல காரியம் அவர் செய்ததுதான்.

அடுத்து டவுனில் ஒரு கடை. தலையைத் தங்களுடைய வயரில் மாட்டி ஓட்டினார்கள், ஓடியது. வீட்டில் நிற்கிறது என்றதும் மோட்டர் பழுது, புது மோட்டர் போடவேண்டும் என்று விலை சொன்னார்கள். அதற்கடுத்து ஒரு அயலவர் சொன்ன யோசனைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது: எர்த் வயரை வெட்டிவிட்டால் ட்ரிப் ஆகாதாம். உண்மை, ஆகாது. ஒழுகுகிற கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் இரும்புத் தலையில் காத்துக்கொண்டு நிற்கும், வெறுங்காலோடு ஒருவர் தொடும் வரைக்கும். ரீச்சர் அதற்குச் சம்மதிக்காமல் மெசினை மூடிவைத்ததால் தப்பித்தார்.

மெசினைத் தொடாமல் கண்டது

சுவிட்ச் போடாமலே ட்ரிப் ஆகிறது என்பதுதான் எனக்குக் கயிறு கொடுத்த இடம். நமது வீடுகளில் சுவரில் உள்ள சொக்கெட் சுவிட்ச் பெரும்பாலும் கரண்ட் வருகிற பேஸ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் எப்போதும் இணைந்தபடியே இருக்கும். ஆகவே சுவிட்ச் ஒஃப்பில் இருக்கும்போதே ட்ரிப் ஆகிறதென்றால் பேஸில் கோளாறு இல்லை, நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது.

நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் ஏன் ட்ரிப் ஆகவேண்டும், அதில் கரண்ட் இல்லையே என்று பலர் கேட்பார்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா? 30 மில்லியம்பியர் சுவிட்ச் என்றால் 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கோ வித்தியாசம் வந்தவுடன் விழும். இலங்கையில் வீட்டுக்கு வீடு எர்த் கம்பி தனி, வளவில் அடித்திருப்பார்கள். நியூட்ரலோ தெருவில் ட்ரான்ஸ்போமரில் மண்ணோடு சேர்கிறது. இரண்டுக்கும் இடையில் எப்போதும் ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் இருக்கும், லோட் கூடக்கூட அதுவும் கூடும். மெசினில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் அந்த ஒன்றிரண்டு வோல்ட் வீட்டின் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் கரண்டைத் தள்ளும். அந்தக் கரண்ட் ட்ரிப் சுவிட்ச் வழியாகத் திரும்பாது, சுவிட்ச் விழும்.

கணக்கைப் பாருங்கள். நான் போனது மழை நேரம், எர்த் கம்பியிலிருந்து மண்ணுக்குள் கரண்ட் போவதற்கு உள்ள தடையை அளந்தபோது 70 ஓம். மத்தியானம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 1 வோல்ட். 1-ஐ 70-ஆல் பிரித்தால் 14 மில்லியம்பியர், மயிரிழையில் சுவிட்ச் நிற்கிறது, மெசின் ஓடுகிறது. ஃபிரிட்ஜ் கொம்ப்ரசர் தொடங்கும்போது ஒரு கணம் பெரிய கரண்டை இழுக்கும், வோல்ட் எகிறும், சுவிட்ச் விழும். பொழுதுபட்டுத் தெருவில் எல்லா வீட்டிலும் லைட்டும் ஃபேனும் போட்ட பிறகு அதே இடத்தில் 3 வோல்ட்; 3-ஐ 70-ஆல் பிரித்தால் 43 மில்லியம்பியர், பிளக்கைக் குத்தினவுடனே போகும், சுவிட்ச் ஒஃப்பில் இருந்தாலும். இப்போது கச்சான் காலத்துக்கு வாருங்கள். உப்புவெளி மணல் காய்ந்து பொரிந்துபோகும், காய்ந்த மணலில் எர்த் கம்பியின் ஓம் பலமடங்கு ஏறும். 300 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதே 3 வோல்ட்டுக்கு 10 மில்லியம்பியர்தான். சுவிட்ச் அசையாது.

ஆக, மழைக்காலத்தில் ஈரம் குடித்தது மரம் இல்லை, வளவில் அடித்த எர்த் கம்பியைச் சுற்றியிருந்த மண். கோளாறு வருடம் முழுக்க மெசினில் இருந்தது, மண் நனைந்தபோது மட்டும் ட்ரிப் சுவிட்ச்சுக்குத் தெரிந்தது. இதைச் சொன்னபோது ரீச்சர் ஒரு கடதாசியில் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். படிப்பித்தது கணிதம்.

தொட்டுக் கண்டது

அடுத்த கேள்வி எங்கே தொடுகிறது என்பது. தையல் மெசின் திருத்துகிற அண்ணை ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன், தலையைக் கையாளுவது அவர் பொறுப்பு. பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பிளக்கின் நியூட்ரல் காலுக்கும் எர்த் காலுக்கும் இடையில் மீற்றரை வைத்தேன். தலை கபினட்டுக்குள் மடங்கியிருந்தபோது எந்தத் தொடர்பும் இல்லை. அண்ணையிடம் மெல்லத் தூக்கச் சொன்னேன். முக்கால்வாசி தூரம் வரைக்கும் ஒன்றுமில்லை. தலை வந்து விளிம்பில் உட்கார்ந்த அந்தக் கணம் மீற்றர் கீச்சென்று கத்தியது. திரும்ப இறக்கினால் நின்றது, தூக்கினால் கத்தியது.

"ரீச்சர், தலையைத் தூக்கின பிறகுதானே ட்ரிப் ஆகிறது?" என்றேன். "தூக்காம எப்படித் தம்பி தைக்கிறது?" என்றார். சரியான பதில். தூக்கினால்தான் மெசின், ஆகவே தூக்குவதை ஒருவரும் ஒரு தகவலாக எடுக்கவில்லை.

டோர்ச் அடித்துப் பார்த்தோம். வலது பின்மூலையில், கபினட்டுக்குள் இருந்து தலைக்கு ஏறும் வயர் துவார விளிம்பின் மேலே கிடந்தது. ரப்பர் போட்டு மேலே நூல் பின்னல் சுற்றிய ஆதிகாலத்து வயர். மேல் பின்னல் பார்வைக்கு முழுதாகத்தான் இருந்தது, விரலால் நசித்தால் உள்ளே ரப்பர் மொறுமொறுவென்று உதிர்ந்தது. தலை உட்காருகிற இடத்தில், ஒரு அரிசி மணி நீளத்துக்குப் பின்னல் கிழிந்து, ஈயம் பூசிய செம்புக் கம்பி தெரிந்தது. அதற்கு நேர் மேலே தலையின் அடித்தட்டில் கறுப்புப் பெயின்ட் உரசிப்போய் இரும்பு பளபளத்தது. தூக்குகிற ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கிலோ இரும்பு அந்தக் கம்பியின் மேல்தான் இறங்கியிருக்கிறது.

எர்த் போட்ட மனிதர் சுவரிலிருந்து கபினட் வரைக்கும் உள்ள கோட்டை மாற்றினார், உள்ளேயிருந்து தலைக்குப் போகும் துண்டை விட்டுவிட்டார். கடைக்காரரிடம் அந்தத் துண்டு போகவே இல்லை. இரண்டு பேருமே தாங்கள் பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தார்கள், தலையும் கபினட்டும் வீட்டு எர்த்தும் ஒரே நேரத்தில் ஒரு இடத்தில் சேர்ந்தால்தான் இந்தக் கோளாறு பிறக்கும். அதை மேசையில் தனித்தலையாக வைத்துத் தேடினால் ஆயுளுக்கும் கிடைக்காது.

பழைய கடி வேறு கதை

ட்ரிப்புக்குக் காரணம் கிடைத்தது, ஆனால் தாயார் காலத்துச் சுரீர் இதனால் வந்ததாகச் சொல்ல முடியாது, நியூட்ரல் அப்படிக் கடிக்காது. மோட்டரைத் தனியே கழற்றி, கரண்ட் ஒழுகுகிறதா என்று அளக்கிற 500 வோல்ட் மெகரில் சோதித்தோம். சுருளுக்கும் உடம்புக்கும் இடையில் 0.2 மெகா ஓம். எர்த் உள்ள சாமானுக்கு 1 மெகா ஓமாவது வேண்டும் என்பது வழக்கமான அளவு. 230 வோல்ட்டில் 0.2 மெகா ஓம் என்றால் 1 மில்லியம்பியர் சொச்சம் ஒழுகும். விரலில் உணர அது போதும், ட்ரிப் ஆகப் போதாது. கடையில் மோட்டர் பழுது என்றார்களே, அந்தச் சொல்லில் ஒரு நுனி உண்மை இருந்தது, ஆனால் புது மோட்டர் வாங்குகிற அளவுக்கு இல்லை.

மோட்டரைத் திறந்தால் உள்ளே காபன் பிரஷ் தேய்ந்து கொட்டிய கறுப்புத் தூள், கடல்காற்றின் ஈரத்தோடு கலந்து அப்பிக் கிடந்தது. காபன் கரண்டைக் கடத்தும், உப்பு ஈரமும் கடத்தும், இரண்டும் சேர்ந்தால் வேறென்ன வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி ஊதி எடுத்தோம். பிரஷ் உரசுகிற செம்பு வளையத்தை மிக நைசான மணல் தாளால் தொட்டும் தொடாமலும் துடைத்தோம். எமரித் தாள் போடக் கூடாது, அதன் துகள் செம்புத் துண்டுகளுக்கு நடுவில் மாட்டினால் அதுவே ஷோட் சர்க்கிட். அப்புறம் ஒரு தகரப் பெட்டிக்குள் 40 வாட் பழைய குண்டு பல்ப்பை எரியவிட்டு மோட்டரைப் பக்கத்தில் வைத்து, மெதுவாகக் காயவைத்தோம். மெகர் 20 மெகா ஓமைத் தாண்டியது. சுருளிலிருந்து வெளியே வரும் குட்டி வயர்களின் ரப்பரும் உதிர்ந்திருந்தது, அவற்றை உள்ளுக்குள் வெட்டி, புது வயர் ஈயம் பிடித்து, மேலே ஸ்லீவ் போட்டோம். மோட்டருக்கு ஒயில் விடக் கூடாது, இந்த மோட்டர்களில் கிரீஸ் போடுகிற குழாய் இருக்கிறது. சூட்டில் இளகித் திரி வழியாக ஊறுகிற மென்மையான கிரீஸ்தான் அதற்கு. தடித்த கிரீஸ் குழாயிலேயே குந்திக்கொண்டிருக்கும்.

வேகப் பெட்டிக்குள் இன்னொரு கண்ணிவெடி. ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுக்க அந்நாளில் ஒரு கண்டென்சர் வைப்பார்கள். அது ஊதிப்போய் மெழுகு கசிந்திருந்தது. முழங்கால் லீவரின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே நிற்கிற கண்டென்சர் ஷோட் ஆனால், லீவரைத் தொடாமலே மெசின் முழு வேகத்தில் தானாக ஓடத் தொடங்கும், ஊசிக்குக் கீழே யாருடைய விரல் இருந்தாலும். வெட்டி எறிந்தோம். அது இல்லாவிட்டால் மெசின் ஓட்டத்தில் ஒரு குறையும் வராது.

அண்ணையின் பங்கு

தலையில் கைச்சக்கரம் கல்லுக்குள் கிடந்தது மாதிரி இறுகியிருந்தது. அண்ணை மோந்து பார்த்துவிட்டு "தேங்காயெண்ணெய்" என்றார். வீட்டில் இருக்கிற எண்ணெய்தானே என்று விட்டது, வருடக்கணக்கில் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பழுப்புப் பிசினாகி எல்லா மூட்டையும் ஒட்டிவைத்திருந்தது. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தை வலிக்காமல் அசைத்து அசைத்து, பிசின் கரைந்து ஒழுகும்போது துணியால் ஒற்றி எடுத்தார். மண்ணெண்ணெய் வழுக்காது, கழுவ மட்டும்தான், ஆகவே பிறகு மெசின் ஒயில் எல்லாத் துளையிலும், பல்சக்கரங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ். தங்கக் கோட்டுப் பூ வேலையைத் துடைக்க ஸ்பிரிட்டை எடுத்த, கூட நின்ற பையனை ஒரு சத்தம் போட்டார். மேலே பூசியிருப்பது அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட் பட்டால் பூவோடு கழன்று வந்துவிடும். மெசின் ஒயில் தொட்ட பஞ்சு போதும்.

கீழ்நூல் சுற்றுகிற பொபினின் பெட்டிக்குள் சாதாரணக் கறுப்பு மெசினுக்கு விற்கிற தட்டைப் பொபின் கிடந்தது. 201-க்கு வேண்டியது 66 வகை, இரண்டு பக்கமும் லேசாக வளைந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாறினால் நூல் சிக்கும். பெல்ட்டையும் தளர்த்தினார், முன்பு யாரோ வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டியிருந்தார்கள். இறுகிய சக்கரத்தைச் சுற்றவைக்கச் செய்த வேலையாக இருக்கும். அந்த இறுக்கம்தான் மோட்டரைச் சூடாக்கிக் காபனைக் கொட்டவைத்தது என்பது என் ஊகம்.

புது வயரிங்

வேலை பெரிதில்லை, ஒழுங்குதான் முக்கியம். கபினட்டுக்குள் இருந்த பழைய வயர் அங்குலம் விடாமல் வெளியே. மூன்று வயர் உள்ள வளையக்கூடிய கோட், பேஸ் வேகப் பெட்டி வழியாக, நியூட்ரல் நேராக. வேகப் பெட்டி பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருந்தால், லீவரைத் தொடாமல் மெசின் சும்மா நிற்கும்போதும் மோட்டருக்குள் கரண்ட் உயிரோடு இருக்கும். எர்த் வயரைக் கீல் முளையை நம்பி விடாமல், அடித்தட்டின் கீழே பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு நேராகத் தலையில் திருகினேன். மோட்டர் உடம்புக்கும் தனியாக ஒரு எர்த்.

ஏறுகிற வயரை விளிம்பிலிருந்து விலக்கி, கபினட்டின் பக்கப் பலகையில் கிளிப் அடித்து, கீலுக்குப் பக்கத்தில் தலை ஏறி இறங்கத் தாராளமாக ஒரு வளையம் விட்டேன். தலை மேலேயிருக்கும்போதும் கீழேயிருக்கும்போதும் நடுவிலும் வயர் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே கிளிப்பை இறுக்கினேன்.

பழைய வட்டக்கால் பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. 13 அம்பியர் சதுரக்கால் பிளக்குக்கு மாற்றி, அதோடு வந்த 13 அம்பியர் ஃபியூஸைக் கழற்றி 3 அம்பியர் போட்டேன். இந்த மோட்டர் இழுப்பது அரை அம்பியருக்கு அங்கே இங்கே, அதற்கு 13 அம்பியர் ஃபியூஸ் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஊசிக்கு வெளிச்சம் காட்டுகிற குட்டி லைட்டின் வயரும் மூடியில் உரசித் தேய்ந்திருந்தது, மாற்றி, சூடில்லாத எல்ஈடி பல்ப் போட்டோம்.

ட்ரிப் சுவிட்ச்சை நான் மாற்றவில்லை. அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், விழுந்தது. இவ்வளவு காலமும் திட்டு வாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்த ஒரே சாமான் அதுதான்.

கபினட்டை மரவேலை செய்கிற ஓடாவியார் பார்த்துக்கொண்டார். கீழ்த்தட்டின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனியர் பசை விட்டு இலை இலையாகக் கிளம்பியிருந்தது, பழைய மிருகப் பசை தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்காது. உப்பைப் போக்க ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, புதுப் பசை போட்டுக் கவ்வியில் இறுக்கினார். ஒரு காலில் உளுத்த ஓட்டைகள், அந்தத் துண்டை வெட்டி முதிரை மரத்தில் ஒட்டுப் போட்டார். நிறம் சேரவில்லை. எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை, ரீச்சருக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

வேலை முடிந்ததும் மழை நாள் ஒன்றின் பின்னேரத்தில், தெரு முழுக்க லைட் எரிகிற நேரமாகப் பார்த்துச் சோதித்தோம். ஃபிரிட்ஜ் ஓட, தண்ணீர் மோட்டரும் ஓட, தலையைத் தூக்கி இறக்கித் தூக்கி மெசினைப் போட்டோம். ஒன்றும் விழவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மெகரில் ஒழுக்கு இல்லை. ரீச்சர் பழைய சேலைத் துண்டொன்றை நாலாக மடித்துத் தைத்துப் பார்த்து, தையலைத் திருப்பிப் பார்த்து, "ம்" என்றார்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நாங்கள் நின்றபோதே ஒருவர் வந்து இதை எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். 2009-இல் சவூதியில் பழைய சிங்கர் மெசினுக்குள் சிவப்புப் பாதரசம் என்கிற விலைமதிப்பற்ற பொருள் இருக்கிறதென்று ஒரு புரளி கிளம்பி, சனம் கண்மண் தெரியாமல் விலை கொடுத்தது. மத்திய கிழக்கில் வேலை செய்து வந்தவர்கள் இருக்கிற ஊரில் அந்தக் கதை எங்கேயாவது ஒரு மூலையில் உயிரோடுதான் இருக்கும். தலையைப் பிரித்துப் பார்த்தவர்களாகச் சொல்கிறோம், உள்ளே இரும்பும் ஒயிலும் தூசியும்தான். சிங்கர் இந்த வகை மெசின்களை இலட்சக்கணக்கில் செய்தது, பழசு என்பதாலேயே அபூர்வம் ஆகிவிடாது. தைக்கிறவர் கையில் இருந்தால்தான் இதற்குப் பெறுமதி, காட்சிக்கு வைத்தால் இடத்தை அடைக்கிற ஒரு மேசை.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. காபன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது, அதே அளவில் கிடைக்காவிட்டால் பெரிய பிரஷ் ஒன்றை வாங்கி அராவித்தான் போடவேண்டும். கபினட்டின் பின்பக்கம் கோட் நுழைகிற துளைக்குச் சரியான ரப்பர் வளையம் டவுனில் கிடைக்கவில்லை, இப்போதைக்குச் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன்.